கெட்டிமேளம் மட்டும் போதும்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கோங்க தம்பி. அது தவில். பாத்தா துணிமூட்டை மாதிரிதான் இருக்கும், உறை தச்சுப் போட்டிருக்கேன். இல்ல இல்ல, மன்னிப்பெல்லாம் எதுக்கு, பஸ்ஸுன்னா கால் படத்தான் செய்யும். நல்லா இழுத்துக் கட்டி சுருதி கூட்டி வச்சிருக்கேன், இறங்கிடக் கூடாதேன்னு சொன்னேன். இறங்கினாலும் இன்னிக்குப் போற எடத்துல யாரும் கண்டுக்கப் போறதில்லை. அங்க சுருதின்னு ஒண்ணு இருக்கறதையே ஒத்துக்க மாட்டாங்க.

நீங்களும் பாண்டிச்சேரிக்கா? அப்பச் சரி, நேரம் நிறைய இருக்கு, இன்னும் சிதம்பரமே வரலை. காதுல மாட்டியிருக்கீங்களே, என்ன பாட்டு ஓடுது? வேணாம் வேணாம், கழட்டாதீங்க. எனக்கு ஒரு காது போதும். ஒண்ணு கேக்கறேன், பங்க் ராக் தெரியுமா உங்களுக்கு? தெரியாதா. பாத்தா படிச்ச புள்ளையாத் தெரியுறீங்க, இதைத் தெரிஞ்சுக்காம இருக்கீங்களே. நான் சொல்றேன் கேளுங்க. நான் அதுல பெரிய ஆளு. இப்ப கொஞ்ச நாளாத்தான்.

எம் பேரு ரெத்தினசபாபதி. எண்கண் ரெத்தினசபாபதின்னு சொன்னா கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? பாத்தீங்களா, இதுதான் என் வயித்தெரிச்சல். எண்கண் திருவாரூர்ப் பக்கம். ஒன்பது வருஷம் குருநாதர் வீட்டுலயே கிடந்து தவில் கத்துக்கிட்டவன் நான். மிஸ்ர நடையில ஒரு தனி எடுத்தேன்னா கணக்குத் தெரிஞ்சவன் மயங்கி விழுந்துடுவான். இது வரைக்கும் யாரும் விழலை. ஏன்னா யாரும் உக்காந்து கேட்டதில்லை.

அந்த முன் சீட்டுல, ஜன்னலோரமா, வயர்கூடையை மடியில வச்சுக்கிட்டு ஒரு பச்சைப் புடவை தெரியுதா? அது என் வீட்டுக்காரம்மா, தையல்நாயகி. கொஞ்சம் மெதுவாவே பேசுவோம். அவ மேல எனக்கு ஒரு பெரிய மனஸ்தாபம். அதைச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன், பேச்சு எங்கயோ போயிடுச்சு.

கல்யாண வீட்டுல மேளக்காரன் பொழப்பு எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா? முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிப்போம். எங்க செட்டுல நாயனம் கலியமூர்த்தி அண்ணன். அவர் நல்ல கீர்த்தனையா ஒண்ணு வாசிச்சு முடிச்சு, நாயனத்தைக் கீழ வச்சுட்டு, வாசிப்பா சபாபதின்னு என் பக்கம் கையைக் காட்டுவார். அதுதான் தனி. எனக்கே எனக்குன்னு இருக்கிற நேரம். நான் விரலுக்குக் கூடு மாட்டிக்கிட்டு, நிமிந்து உக்காந்து, முதல் சொல்லைத் தட்டுவேன். அது அடங்கறதுக்குள்ள ஒருத்தர் வந்து, பந்தி போட்டாச்சு எல்லாரும் வாங்கன்னு கையைத் தட்டிடுவார். அவ்வளவுதான். நாற்காலியெல்லாம் கிறீச் கிறீச்சுனு நகரும். எனக்கு எதிர்ல தூங்குற தாத்தா ஒருத்தர்தான் மிஞ்சுவார். என் கண்ட நடையை இது வரைக்கும் எத்தனையோ சாம்பார் வாளி ஜெயிச்சிருக்கு தம்பி.

மறுநாள் காலையில முகூர்த்தம். தாலி கட்டுற நேரத்துல பெரியவர் ஒருத்தர் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டுவார். கெட்டிமேளம் கெட்டிமேளம்னு ஒரு சத்தம். அதுக்கு அப்புறம் ராகமும் கிடையாது கணக்கும் கிடையாது, இருக்கிற பலத்தையெல்லாம் வச்சு வெளுத்துக் கட்ட வேண்டியதுதான். அந்த நேரத்துல எவனாவது தும்மினா கேக்கக் கூடாது, எங்கயாவது யாராவது மூக்கைச் சிந்தினா கேக்கக் கூடாது. அதுக்குத்தான் அந்த இரைச்சல். விரல் மேல இருக்கிற வரைக்கும் அடிக்கணும். இறங்கின உடனே டக்குனு நிறுத்தணும். நாலு மாசம் கத்துக்கிட்ட பையன்கூட வாசிச்சுடுவான். அதை வாசிப்புன்னு சொல்றதே தப்பு.

ஆனா அப்ப பாருங்க, மண்டபமே எந்திரிச்சு நிக்கும். பாக்கும். எதை? தாலியை. பொண்ணு கழுத்தை. முடிச்சு சரியா விழுதான்னு. அட்சதை அத்தனையும் அந்தப் பக்கம்தான் பறக்கும். நான் நரம்பு புடைக்க அடிச்சுக்கிட்டு இருப்பேன், வேர்வை கண்ணுல இறங்கும், ஒரு தலை என் பக்கம் திரும்பாது. தனி வாசிச்சா கூட்டம் இல்ல. கூட்டம் இருந்தா அது எனக்கு இல்ல. என்னைக்காவது ஒரு நாள் ஒரு கூட்டம் எங்கயும் எந்திரிச்சுப் போகாம என்னையே பாத்து என் தனியைக் கேட்டுடணும்னு எனக்கு ஆசை. ஆசைன்னா சும்மா இல்ல தம்பி, வெறி.

அந்த விரல் இருக்கே, அது என்னைப் பிடிச்ச வியாதி. எங்க விரல் மேல போனாலும் என் கை தானா ஓட ஆரம்பிச்சுடும். பஸ்ல ஒருத்தர் கண்டக்டரைக் கூப்பிட விரலைத் தூக்கினார், நான் முன்னாடி சீட்டுக் கம்பியில வாசிச்சுட்டேன். அந்த சீட்டுல உக்காந்திருந்தவர் மண்டையும் அதுல சாஞ்சிருந்துச்சு. அவ்வளவு ஏன், என் கல்யாணத்தையே எடுத்துக்கோங்க. என் கையில தாலி. மாமா விரலைத் தூக்கிட்டார். எல்லாரும் நான் கட்டுவேன்னு நிக்கிறாங்க. எனக்கோ, அங்க வாசிக்கிற தவில்காரன் வேகம் பத்தலையேன்னு கவலை. இன்னும் அழுத்திக் குடு, இன்னும் அழுத்திக் குடுன்னு அவனையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். தையல் குனிஞ்ச தலை நிமிராமலே என் முழங்கால்ல ஒரு இடி இடிச்சா. அப்புறம்தான் கட்டினேன்.

சரி, பங்க் ராக்குக்கு வரேன். ஆவணி மாசம் பாண்டிச்சேரியில ஒரு கல்யாணம். வழக்கம் போல முகூர்த்தம் முடிஞ்சு நான் தவிலை உறையில போட்டுக்கிட்டு இருக்கேன், ஒரு பொண்ணு வந்து நிக்குது. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிப்பூ. ஆனா பாதித் தலையிலதான். மீதிப் பாதி ஒட்ட வழிச்சிருக்கு. மல்லிப்பூ இருக்கிற பக்கம் முடி ஊதா கலர். கல்யாணப் பொண்ணோட காலேஜ் சிநேகிதி, பேரு ரோஸலின். எனக்கு ஒரு வணக்கம் வச்சு, அண்ணா, தாலி கட்டும்போது வாசிச்சீங்களே, அது மட்டும் போதும், அதை ஒன்றரை நிமிஷம் விடாம வாசிக்க முடியுமான்னு கேட்டுது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. முதல் நாள் சாயங்காலம் நான் உசிரைக் குடுத்துத் தனி வாசிச்சேன், அப்ப இந்தப் பொண்ணும்தான் மண்டபத்துல இருந்துது. அதைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. சமையல்காரர்கிட்ட போயி, உங்க விருந்தெல்லாம் கிடக்கட்டும், அந்தத் தாளிக்கிற சத்தம் மட்டும் பிரமாதம்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. முடியாது பாப்பா, போயிட்டு வான்னேன். அது போகலை. 'சில்லறை இல்ல'ங்கிறது எங்க குழுவோட பேரு, பங்க் ராக் வாசிக்கிறோம், ட்ரம்ஸ் வாசிச்ச பையன் வேலை கிடைச்சு பெங்களூர் போயிட்டான், உங்களை விட்டா இந்த வேகத்துக்கு ஆளில்லைன்னு நின்னுக்கிட்டே இருக்கு. நான் சும்மா பேச்சுக்கு, உங்க கச்சேரியில சாப்பாடு எப்பப் போடுவீங்கன்னு கேட்டேன். சாப்பாடே கிடையாது அண்ணான்னுச்சு. பந்தியே கிடையாதா? கிடையாது. தம்பி, எனக்கு அப்பவே உடம்பு சிலிர்த்துடுச்சு. வரேன்னு சொல்லிட்டேன்.

ஒத்திகை முத்தியால்பேட்டையில ஒரு மாடியில. சுவரெல்லாம் முட்டை அடுக்குற அட்டையா ஒட்டியிருக்கு. ரோஸலின் பாடும், கிட்டாரும் வாசிக்கும். டேனின்னு ஒரு பையன், பனைமர உயரம், கனமான கம்பி போட்ட கிட்டார் வாசிக்கிறான். வாயே திறக்க மாட்டான். நான் உறையைக் கழட்டிக்கிட்டு இருக்கும்போதே டேனி திடீர்னு ஒன் டூ த்ரீ ஃபோர்னு கத்தினான். அடடா, நாலு எண்ணிட்டான், ஆதி தாளத்துல பாதி ஆச்சு, மீதியையும் எண்ணட்டும்னு நான் காத்திருக்கேன். அவங்க பிச்சுக்கிட்டுப் போறாங்க. எந்த வேகத்துல எண்ணினாங்களோ அதுக்கும் வாசிக்கிற வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. நான் எடுப்பு எங்க, எந்த எடத்துல சேரணும்னு தேடிப் பிடிச்சு, கூடு மாட்டி, கையைத் தூக்கறேன், பாட்டு முடிஞ்சுடுச்சு. எப்படி இருந்துச்சு அண்ணான்னு கேக்குது. நான் ஆரம்பம் நல்லாருக்குன்னேன்.

அப்புறம் ஒவ்வொண்ணாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நமக்கு எதையும் அரைகுறையா விட்டுப் பழக்கமில்லை. கிட்டார்ல ரோஸலினுக்கு மூணே மூணு பிடிதான். விரலை ஒரே மாதிரி வச்சுக்கிட்டு கையை மட்டும் மேல கீழ நகத்தும். நாலாவது ஒண்ணு கத்துக்கலாமேன்னேன். மூணே ஜாஸ்தி அண்ணான்னுச்சு. காலுக்குக் கீழ ஒரு டப்பா வச்சிருக்கு, அதை மிதிச்சா கிட்டார் சத்தம் மாவுமில்லு மாதிரி ஆயிடும். நல்லாருக்கிற வாத்தியத்தை எதுக்கு இப்படிக் கெடுக்கறேன்னு கேட்டா, கெட்டாத்தான் நல்லாருக்குங்குது. அதுவும் கம்பியை மேலேருந்து கீழதான் அடிக்குது. கை மேல போகும்போது சும்மா போகுது. பாதி வேலை வீணாப் போகுதே, போகும்போதும் ஒரு தட்டு தட்டலாமேன்னு ஒரு தொழில்காரனா நான் யோசனை சொன்னேன். அப்படிப் பண்ணினா இனிமையா ஆயிடும், வேணாம்னுச்சு. இனிமையா ஆயிடுமாம் தம்பி, பயப்படுது.

பாடறது இருக்கே, அது பாட்டு இல்லை, தெருச்சண்டை. எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வரலை, வரலை, வரலைன்னு ஒரு பாட்டு. எப்பக் கல்யாணம்னு கேக்கிற அத்தைக்கு ஒரு பாட்டு. சுருதி சேரலை பாப்பான்னு சொன்னேன். கோவம் வந்தா நீங்க சுருதி சேத்துட்டா அண்ணா கத்துவீங்கன்னு கேட்டுது. வீட்டுக்கு வந்து தையலைக் கூப்பிட்டு ஒரு தடவை சுருதியோட கத்திப் பாத்தேன், உண்மையிலேயே கோவம் வரலை. அவ குழம்புல உப்புக் கம்மியான்னு கேட்டா.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கும் அவங்களுக்கும் தகராறு ஆயிடுச்சு. முடிக்கிறது. அவங்க பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நிக்கும், கதவைச் சாத்தின மாதிரி. நமக்கு அப்படி வராதே. நாம தீர்மானம்னு ஒரு முடிவுச் சொல்லை மூணு தடவை வாசிச்சு, தாளம் தொடங்குற சமத்துல கொண்டாந்து இறக்கினாத்தான் முடிஞ்ச மாதிரி. அதனால அவங்க நிறுத்தின பிறகு நான் மட்டும் தனியா ஒரு தடவை, இன்னொரு தடவை, மூணாவது தடவைன்னு வாசிச்சுக்கிட்டு இருப்பேன். பாட்டை விட என் முடிவு நீளம். டேனி உக்காந்து டீயே குடிச்சு முடிச்சுட்டான் ஒரு நாள்.

அப்பத்தான் நான் பேச்சை எடுத்தேன். எனக்குத் தனி எப்போன்னேன். ரோஸலினுக்குப் புரியலை. எல்லாரும் நிறுத்திட்டு நான் மட்டும் வாசிக்கிறதுன்னு சொன்னேன். உடனே முகம் மாறிடுச்சு. எங்க பாட்டுல யாருக்கும் தனி கிடையாது, கிட்டாருக்கே கிடையாது, ஒருத்தர் திறமையைக் காட்ட மத்தவங்க வேடிக்கை பாக்கறது பிடிக்காமத்தான் இப்படி ஒரு பாட்டே வந்துது அண்ணான்னு பெரிய விளக்கம். அப்ப எனக்கு வேலை இல்லைன்னு நான் தவிலைத் தூக்கிட்டேன். வாசல் வரைக்கும் வந்துட்டேன். கச்சேரிக்கு ஒரு வாரம்தான் இருக்கு, அது என்ன பண்ணும் பாவம். சரி அண்ணா, கடைசிப் பாட்டு நடுவுல நாங்க நிறுத்தறோம், நீங்க கொஞ்சம் வாசிங்க, கொஞ்சம்தான்னுச்சு. எங்க தொழில்ல கொஞ்சம்னா முக்கால் மணி நேரம். நானும் பெருந்தன்மையா ஒத்துக்கிட்டேன்.

அந்த ஒரு வாரம் நான் சாதகம் பண்ணினதை நீங்க பாத்திருக்கணும். விளம்பத்துல மெதுவா ஆரம்பிச்சு, கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம்னு ஒவ்வொரு நடையாப் படிப்படியா ஏறி, கடைசியில எல்லாத்தையும் முடிச்சுக் கட்டுற ஒரு கோர்வை. தையல் ஒரு கையால மீன் அலம்பிக்கிட்டே இன்னொரு கையால எனக்குத் தாளம் போட்டா. அவளுக்கு எங்க வீட்டுக்கு வந்ததுலேருந்து இதுதான் வேலை. தாளம் பிசகாது. ஒரு நாள் போட்டுக்கிட்டே, நானும் கூட வரட்டுமான்னு கேட்டா. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. பதினேழு வருஷத்துல அவ ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. எதுக்குக் கூப்பிடணும், தினம் வீட்டுலதான் கேக்கறாளே. கடல் பாக்க ஆசைப்படுறா போலன்னு நினைச்சு, சரி வான்னேன்.

கச்சேரி ஒரு பழைய கிடங்குல, சாயங்காலம். நான் ஜரிகை வேட்டி, பட்டு ஜிப்பா, சங்கிலி, நெத்தியில சந்தனம்னு முழுசாப் போயி இறங்கினேன். ரோஸலின் கிழிஞ்ச பேண்ட்டோட நிக்குது. என்னைப் பாத்ததும் அண்ணா இப்படியே இருங்க, எதையும் மாத்தாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுது. நாற்காலி எங்கன்னு கேட்டேன். நாற்காலி கிடையாதாம். ஜமுக்காளம்? அதுவும் கிடையாதாம். எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் கேப்பாங்களாம். ஒரு வகையில நல்லதுன்னு தோணுச்சு, ஏற்கெனவே நிக்கிறவன் எந்திரிச்சுப் போக முடியாதே. ட்ரம்ஸ் வைக்கிற உசரமான மேடையில எனக்கு மட்டும் ஒரு ஜமுக்காளம் விரிச்சுக் குடுத்தாங்க. எனக்குப் பின்னாடி சுவர். கீழ எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். அதுல ஒரு ஓரமா, வயர்கூடையோட, எங்க வீட்டம்மா.

முதல் பாட்டெல்லாம் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. ஒண்ணு தொடங்கினா ஒண்ணு முடியுது. பசங்க குதிக்கிறாங்க, ஒருத்தனை ஒருத்தன் இடிக்கிறான், விழுந்தவனை நாலு பேர் தூக்கி நிறுத்தி மறுபடி இடிக்கிறாங்க. தண்ணி லாரி வரலைன்னு ரோஸலின் கத்தினா, வரலைன்னு கிடங்கே கத்துது. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. வாசிச்சுக்கிட்டே சிரிக்கிறேன், பல்லெல்லாம் தெரியுது. இருந்தாலும் மனசு கடைசிப் பாட்டுலயேதான் இருந்துச்சு. என் நேரத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்.

வந்துச்சு தம்பி. நடுப்பாட்டுல ரோஸலின் நிறுத்துச்சு. டேனி நிறுத்தினான். ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, ஜிப்பாவைச் சரி பண்ணிக்கிட்டு, கண்ணை மூடி குருவை நினைச்சு, முதல் சொல்லைத் தட்டினேன். தீம். நிறுத்தி நிதானமா, இன்னொண்ணு. கூட்டம் அப்படியே உறைஞ்சு போச்சு. ஒரு பேச்சில்லை. இப்படி ஒரு பக்தியை நான் எங்கயும் பாத்ததில்லை. ரெண்டு மூணு பேர் வாசல் பக்கம் போனாங்க, பாத்ரூமா இருக்கும். சிலர் போனை எடுத்துப் பாத்தாங்க, மணி பாத்திருப்பாங்க. ரோஸலின் என் பக்கமா வந்து, அண்ணா போதும்ங்கிற மாதிரி கண்ணைக் காட்டுச்சு. எனக்கு ஊக்கம் குடுக்குதுன்னு எடுத்துக்கிட்டேன். இப்பத்தான் நான் முதல் ஆவர்த்தனத்துல இருக்கேன். இனிமேதான் கண்டம், இனிமேதான் மிஸ்ரம். என் வாழ்நாள் ஆசை இன்னும் முக்கால் மணி நேரத்துல நிறைவேறப் போகுது.

அப்பத்தான் அந்த ஓரத்துலேருந்து ஒரு விரல் மேல வந்துச்சு.

தையல். கூடையை இடுப்புல இடுக்கிக்கிட்டு, ஆள்காட்டி விரலைத் தூக்கி, ஆட்டுறா. பக்கத்துல நின்ன பசங்க அவளை ஒரு மாதிரி பாத்தாங்க. அப்புறம் அவங்களும் விரலைத் தூக்கினாங்க. அதைப் பாத்து அடுத்தவன், அடுத்தவன். கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள கிடங்கு முழுக்க விரல் ஆடுது. ஒரு விரலைப் பாத்தாலே என் கை நிக்காது, இங்க எத்தனை விரல். நான் என்ன பண்ணுவேன் தம்பி. என் மிஸ்ரம் போச்சு, சங்கீர்ணம் போச்சு, கோர்வை போச்சு. கை பிச்சுக்கிட்டு கெட்டிமேளத்துல இறங்கிடுச்சு.

ரோஸலின் ஒரு கத்து கத்துச்சு பாருங்க. டப்பாவை மிதிச்சுது. டேனி எகிறிக் குதிச்சான். மூணு பிடியும் என் மேளமும் ஒண்ணா மோதின மோதல்ல சுவர்லேருந்து காரை உதிருது. பசங்களுக்குப் பைத்தியம் பிடிச்சுப் போச்சு. ஒருத்தனைத் தலைக்கு மேல தூக்கிட்டுப் போறாங்க. எவன் செருப்போ மேடைக்குப் பறந்து வருது. என் விரல் கூடு ஒண்ணு தெறிச்சு எங்கயோ போச்சு, வலியே தெரியலை. அப்ப ஒண்ணு கவனிச்சேன். அத்தனை பேரும் இந்தப் பக்கமே பாக்கறாங்க. எனக்குப் பழக்கதோஷம், பொண்ணு மாப்பிள்ளை எங்க உக்காந்திருக்காங்கன்னு திரும்பிப் பாத்தேன். பின்னாடி வெறும் சுவர்.

தம்பி, என்னைத்தான் பாக்கறாங்க. அவ்வளவு கூட்டமும் என்னைத்தான். எனக்குக் கண்ணு தளும்பிடுச்சு. அடிச்சுக்கிட்டே அழறேன், அழுதுக்கிட்டே சிரிக்கிறேன். எந்தக் கணக்கும் ஞாபகத்துல இல்லை, நான் யாருங்கிறதே ஞாபகத்துல இல்லை. இப்படி ஒரு சந்தோஷம் உடம்பு தாங்குமான்னு இருந்துச்சு.

ஆனா விரல் இறங்கணுமே. இறங்கினாத்தானே நான் நிறுத்த முடியும். தையல் இறக்க மாட்டேங்கிறா. பசங்க எல்லாரும் அவ விரலைப் பாத்துக்கிட்டு இருக்காங்க, அவ என்னைப் பாத்துக்கிட்டு இருக்கா. ஒன்றரை நிமிஷப் பாட்டு எங்கயோ போயிடுச்சு. ரோஸலின் தொண்டை கட்டி மேடையில மல்லாந்து படுத்துக்கிட்டு வாசிக்குது. டேனி கிட்டார்ல ஒரு கம்பி அறுந்து தொங்குது. என் தோள்பட்டை கழண்டு விழுந்துடும் போல இருக்கு. அவ விரல் அப்படியே ஆடுது. எப்பவோ ஒரு நேரம் மெதுவா இறக்கினா. நான் நிறுத்தினேன். அவங்களும் நிறுத்தினாங்க, கதவைச் சாத்தின மாதிரி. தீர்மானம் வைக்கணும்னுகூட எனக்குத் தோணலை.

அப்புறம் எழுந்துச்சு பாருங்க ஒரு சத்தம். அதை விடுங்க. ரோஸலின் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, அடுத்த கச்சேரி, அதுக்கு அடுத்த கச்சேரின்னு அங்கயே தேதி வாங்கிடுச்சு. ஊதா முடியெல்லாம் வேர்வையில ஒட்டிக் கிடக்கு. தவில் எடுத்த நாள்லேருந்து என் காலை யாரும் தொட்டதில்லை. இன்னிக்குப் போறது மூணாவது. எல்லாம் சரிதான். ஆனா என் தனி? முக்கால் மணி நேரத் தனி? வாழ்க்கையில ஒரே ஒரு தடவை கிடைச்சது, அதைக் கெடுத்தது யாரு? கட்டின பொண்டாட்டி. அந்த மனஸ்தாபம் எனக்கு இன்னும் போகலை. இன்னிக்கு அவகிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன், ரெண்டு கையையும் கூடைக்குள்ள வச்சுக்கோன்னு. சரிங்கன்னா. போன தடவையும் சரிங்கன்னுதான் சொன்னா.

அன்னிக்குக் கச்சேரி முடிஞ்சு ரெண்டு பேரும் கடற்கரையில போயி உக்காந்தோம். அவ சுண்டல் வாங்கினா. நான் வாங்கிக்கலை, அவ்வளவு கோவம். அவ கடலைப் பாக்காம என் கையையே பாத்துக்கிட்டு இருந்தா. கூடு தெறிச்ச விரல்ல ரத்தம் கட்டியிருந்துச்சு, அந்தக் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா. கடைசியில நானே கேட்டேன். "சரி, விரலைத் தூக்கின. தாலி கட்டி முடிஞ்சா இறக்கணும்னு உனக்குத் தெரியாதா? நீ ஒரு மேளக்காரன் பொண்டாட்டி. ஏன் இறக்கலை?"

"எல்லாரும் உங்களைப் பாத்துட்டாங்க. நான் பாத்து முடிக்கலை"ங்கிறா.

இதெல்லாம் ஒரு காரணமா தம்பி, நீங்களே சொல்லுங்க.